கோழி ராத்திரி கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது, கொண்டை வெளுத்துப் போச்சு: பேனா, மைட்டா, என்ன பண்றது?

கொல்லைப்புறக்கோழி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னாடி சிறுவிடை நாட்டுக்கோழி ஒரு பத்துப் பதினஞ்சு உருப்படி இருக்கும், பகல்ல தோட்டத்துல மேய்ஞ்சுட்டு பொழுது சாஞ்சா தானா கூண்டுக்குள்ள போய் மூங்கில் மேல ஏறி உக்காந்துக்கும். இப்ப கொஞ்ச நாளா உள்ளயே போக மாட்டேங்குது, அடிச்சுப் பத்துனாலும் வெளிய ஓடி வந்து முருங்கை மரத்துலயும் வண்டி சீட்டு மேலயும் ஏறிக்குது. கொண்டை எல்லாம் வெளுத்த மாதிரி இருக்கு, முட்டையும் பாதியாக் கொறஞ்சு போச்சு. அடை வச்ச பெட்டை ஒண்ணு நடுவுலயே எந்திரிச்சு வந்துருச்சு, முட்டை அத்தனையும் ஆறிப்போச்சுங்க.

பகல்ல புடிச்சு இறக்கைய விரிச்சுப் பாத்தேன், பேன் ஒண்ணு கூட கண்ணுல படல. ஆனா கூண்டு கூட்டப் போன வீட்டம்மாவுக்கு முழங்கை வரைக்கும் அரிப்பு. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, தீவனமும் நல்லாத்தான் எடுக்குது. இது என்னங்க?

வேப்பங்கொட்டை

நண்பரே செள்ளுப் பூச்சிதான், சந்தேகமே வேணாம். மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கற மூலிகைக் கரைசல் இருக்குல்ல, அதையே அடிங்க. பூண்டு பத்துப் பல்லு, வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சத்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி, எல்லாத்தையும் அரைச்சு ஒரு லிட்டர் தண்ணியில கலந்து வடிகட்டி ஸ்ப்ரே பண்ணா முடிஞ்சது. மரபு வழி மருத்துவத்துல மாட்டுக்குச் சொல்ற முறைதான் இது, நான் கோழிக்கும் அடிக்கறேன். கெமிக்கல் பக்கமே போகாதீங்க.

வயக்காட்டான்

அதெல்லாம் நேரத்துக்கு ஆவாது தலைவா. பருத்திக்கு அடிச்ச மருந்து வீட்ல மிச்சம் இருக்கும்ல, ஒரு மூடி எடுத்து ஒரு வாளி தண்ணியில ஊத்தி கோழிய கழுத்து வரைக்கும் முக்கி எடுத்து வெயில்ல விட்டா அடுத்த நாளே சுத்தம். எங்க தாத்தா காலத்துல கமாக்சின் பவுடரை அப்படியே தேய்ச்சு விடுவாங்க, ஒரு கோழியும் சாகல.

அடைக்கோழி அக்கா

வயக்காட்டான் தம்பி, அந்தக் கோழி போடுத முட்டையத்தான வீட்டுப் புள்ளைக்கு அவிச்சுக் குடுப்பீங்க? சும்மா கேட்டேன்.

ரிட்டயர்டு எல்ஐ

கால்நடை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன். ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

முதல்ல வயக்காட்டான் தம்பிக்கு. கமாக்சின்னு நாம சொன்னது பி.ஹெச்.சி.ங்கற பூச்சி மருந்து, அத 1997-லயே நம்ம நாட்டுல தடை பண்ணியாச்சு. அது கொழுப்புல போய் தங்குற மருந்து, கோழிக் கொழுப்புல தங்கும், முட்டை மஞ்சக்கருவுல வரும், அப்புறம் நம்ம உடம்புல தங்கும். கோழி சாகலைங்கறது அதுக்குப் பதில் இல்ல. அதுக்கப்புறம் கார்பரில் தூள் கொஞ்ச காலம் கோழிக்குப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதையும் 2018-ல நிறுத்தியாச்சு. இன்னும் சில வீட்டுப் பரண்ல பழைய டப்பா கெடக்கும், எடுத்துக் கோழிக்குப் போட்றாதீங்க. பருத்தி மருந்துல முக்கற வேலைய பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, முக்குற ஆளோட கை வழியாவே அது உடம்புக்குள்ள போகும்.

இப்ப கோபி தம்பிக்கு. நீங்க பகல்ல பாத்தீங்க, ஒண்ணும் இல்ல. சரி. ராத்திரி பாத்தீங்களா? கோழி கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது, கொண்டை வெளுக்குது, கூண்டைத் தொட்ட ஆளுக்கு அரிக்குது, இந்த மூணும் சேந்து வந்தா கோழி மேல தேடறத விட்டுட்டு கூண்டைத் தேடணும். ராத்திரி ஒம்பது பத்து மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போய் மூங்கிலுக்கு அடிப்பக்கம், மூங்கில் சுவத்துல சொருகுற பொந்து, பலகை இடுக்கு, ஆணி அடிச்ச இடம் இதெல்லாம் பாருங்க. ஒரு வெள்ளைத் துணிய மூங்கிலுக்கு அடியில தேய்ச்சு எடுங்க, துணியில சிவப்பா ரத்தக் கறை மாதிரி இழுத்துச்சுன்னா வந்து சொல்லுங்க. பாக்காம எந்த மருந்தும் வாங்க வேணாம்.

கொல்லைப்புறக்கோழி

சார் பாத்துட்டேன்ங்க. துணி பூரா சிவப்பு. மூங்கில் முனையில ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ள டார்ச் அடிச்சா மெளகாப்பொடி தூவுன மாதிரி கூட்டமா ஊருது, பக்கத்துல சாம்பக் கலர்ல தூசி மாதிரி வேற. ஆணி அடிச்ச இடத்துலயும் இருக்கு. கோழிய அதே நேரத்துல புடிச்சுப் பாத்தா கால் மேல நாலஞ்சு ஊருச்சு. வீட்டம்மா பாத்துட்டு கூண்டையே கொளுத்திரலாம்ங்கறா. படம் போட்டுருக்கேன், தெளிவா வரல மன்னிச்சுக்குங்க.

ரிட்டயர்டு எல்ஐ

அதேதான். சிவப்பு மைட்டுன்னு சொல்லுவாங்க, உண்ணி ஜாதியில ரொம்பச் சின்னப் பூச்சி. பேன் கிடையாது. பட்டினியில இருக்கறப்ப சாம்பலா வெளுப்பா இருக்கும், ரத்தம் குடிச்ச பிறகுதான் சிவப்பு. பகல் பூரா இடுக்குல படுத்துக் கெடக்கும், ராத்திரி கோழி உக்காந்தவுடனே ஏறி ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் குடிச்சுட்டு மறுபடி இறங்கிப் போயிரும். கோழிய பகல்ல மருந்துல குளிப்பாட்டினா அதுக்கு என்ன ஆகும், அதுதான் கோழி மேலயே இல்லையே. நீங்க வேப்பெண்ணெய் தடவி, மஞ்சள் தடவி, மூலிகை அடிச்சு, எல்லாம் செஞ்சும் திரும்ப வருதுன்னு நிறைய பேர் பொலம்பறது இதனாலதான்.

எல்லாரும் ஒரே மாதிரி நெனைக்கறதால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

பேன் இருக்கே, அது கோழி மேலயே பொறந்து கோழி மேலயே சாகும். வைக்கோல் நிறத்துல இருக்கும், இறகைப் பிரிச்சவுடனே வேகமா ஓடும், ஆசனவாய் சுத்தி இறகுக் காம்போட அடியில வெள்ளையா உப்புக் கட்டி ஒட்டுன மாதிரி முட்டை இருக்கும். கோழிய விட்டு கீழ விழுந்தா ஒரு வாரம் தாங்கறதே கஷ்டம். மனுஷன் தலைக்கு வராது, அந்தப் பயம் வேணாம். முட்டை பொரிக்க நாலு நாள்ல இருந்து ஒரு வாரம் ஆகும், எந்தத் தூளும் எந்த எண்ணெயும் அந்த முட்டைய சரியாக் கொல்லாது. அதனாலதான் ஒரு தடவை போட்டுட்டு ஏழுல இருந்து பத்து நாளுக்குள்ள மறுபடி போடச் சொல்றது. ரெண்டாவது தடவை போடலைன்னா முதல் தடவை போட்டதும் வீண்.

கோழி மேலயே குடியிருக்கற மைட்டும் ஒண்ணு உண்டு. அது ஆசனவாய் பக்கம் இறகு கருப்பா அழுக்கேறி பிசுபிசுன்னு ஆகுற மாதிரி பண்ணும். வெள்ளைக் கோழியில பளிச்சுன்னு தெரியும், கருங்கோழியில தெரியவே தெரியாது, இறகைப் பிரிச்சு தோல்ல பாக்கணும். பெட்டைய விட சேவல்ல அதிகமா இருக்கும். ஒரு வாரத்துக்குள்ள ஒரு தலைமுறை முடிஞ்சிரும், அதனால திடீர்னு பெருகும்.

மூணாவதுதான் உங்களுது. வெயில் காலத்துல இதுக்கும் ஒரு வாரம் போதும் முட்டையில இருந்து பெருசாக. ரத்தம் இல்லாமயே மாசக்கணக்குல இடுக்குல கெடக்கும், குளிர் தேசத்துல எட்டு ஒம்பது மாசம் வரைக்கும் கெடக்கும்னு சொல்றாங்க. நம்ம வெயில்ல அத்தன தாங்காது, ஆனா கூண்டைக் கொஞ்ச நாள் காலியா போட்டா செத்துரும்னு மட்டும் நம்பிடாதீங்க.

சேவக்கட்டு

அண்ணே எங்க பக்கம் மதுரையில வேற மாதிரி ஒண்ணு பாத்துருக்கேன், மூட்டப்பூச்சி மாதிரி தட்டையா சாம்பக் கலர்ல, மண் சுவத்து வெடிப்புக்குள்ள இருக்கும். சேவல் ஒண்ணு அதுனால காலை இழுத்துக்கிட்டு படுத்தே போச்சு. அதுவும் இதுதானா?

ரிட்டயர்டு எல்ஐ

இல்ல தம்பி, அது கோழி உண்ணி. அதுவும் ராத்திரிதான் குடிக்கும், பகல்ல வெடிப்புல இருக்கும், ஆனா மைட்ட விட பத்து மடங்கு பெருசு. அதோட குஞ்சு உண்ணி மட்டும் இறக்கைக்கு அடியில நாள் கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும், கருநீலமா மெளகு மாதிரி. காலை இழுக்கறது உண்ணி விஷத்தாலயும் வரும், உண்ணி கடிச்சுப் பரவுற காய்ச்சலாலயும் வரும், ஸ்பைரோகீட்டோசிஸ்னு பேரு, பச்சையாக் கழியும், நல்லாருந்த சேவல் சட்டுனு போயிரும். அதுக்கு ஊசி மருந்து இருக்கு, சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டணும், வீட்டு வைத்தியத்துல நேரத்தப் போக்கக்கூடாது. ஆஸ்பத்திரி தூரமா இருந்தா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குப் போன் போட்டுக் கேளுங்க. இந்த உண்ணி பட்டினியில வருஷக்கணக்குல கூட உயிரோட இருக்கும். சுவத்து வெடிப்பைப் பூசி மூடறதுதான் முதல் வேலை.

மொட்டமாடி சுந்தரி

சென்னைல மொட்டை மாடில நாலு கோழி வச்சிருக்கேன். எங்க ஃபிளாட்ல கீழ் வீட்டுக்காரங்க உங்க கோழியாலதான் எங்களுக்கு அரிக்குதுன்னு ஒரே சண்டை. நான் சார் சொன்ன மாதிரி வெள்ளைத் துணி தேய்ச்சுப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. கடைசில பாத்தா அவங்க ஏசி பெட்டிக்குப் பின்னாடி புறாக் கூடு, குஞ்சு பறந்து போயி கூடு காலியா இருக்கு. அதுல இருந்து வருமா?

ரிட்டயர்டு எல்ஐ

நிச்சயமா வரும்மா. புறா, குருவி, மைனா கூட்டுலயும் இந்த ஜாதி மைட் இருக்கும், குஞ்சு பறந்து போனவுடனே சாப்பாடு இல்லாம ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வரும். மனுஷனைக் கடிக்கும், அரிக்கும், ஆனா மனுஷன் உடம்புல குடும்பம் நடத்தாது. கூட்டை எடுத்து பையில கட்டிப் போட்டுட்டு அந்த இடத்தைக் கழுவச் சொல்லுங்க. உங்க கோழிக்கும் அந்தக் குருவி புறா சகவாசம் வேணாம், தீவனத்த தெறந்து வைக்காதீங்க.

கொல்லைப்புறக்கோழி

சார் இப்ப நான் என்ன பண்ணட்டும், வரிசையாச் சொல்லுங்க. கூண்டு மரச்சட்டம், கம்பி வலை, மேல ஓலை வேஞ்சது.

ரிட்டயர்டு எல்ஐ

ஓலை இருக்கா, அதுதான் சிக்கல். ஓலைக்குள்ள ஒளிஞ்சதை எந்த மருந்தும் எட்டாது. முடிஞ்சா ஓலையப் பிரிச்சு தூரக் கொண்டு போய் எரிச்சிருங்க, புதுசா தகரமோ ஷீட்டோ போட்டு அதுக்கு மேல வேணும்னா ஓலை போட்டுக்குங்க சூடு தெரியாம இருக்க. அந்த மூங்கில் மொத்தமும் அடுப்புக்கு. மூங்கில் முனை ஓட்டை மாதிரி மைட்டுக்கு ஒரு பங்களா கிடையாது. அதுக்குப் பதிலா நல்லா இழைச்ச மரக்கட்டை, ஓரம் மழுங்கினது, சுவத்துல சொருகாம தனி ஸ்டாண்டு மாதிரி நிக்கட்டும், ஸ்டாண்டு காலை எண்ணெய் ஊத்துன கிண்ணத்துல வைங்க, சக்கரை டப்பாவுக்கு எறும்பு ஏறாம தண்ணி தட்டுல வைப்போமே அது மாதிரி.

மிச்சம் இருக்கற சட்டம், கம்பி எல்லாத்தையும் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவுங்க, சோப்புத்தூள் போட்டுத் தேய்ங்க, வெயில்ல காய விடுங்க. பண்ணைக்காரங்க ஃபிளேம் கன் வச்சு நெருப்புல வாட்டுவாங்க, இரும்புக்கும் சிமெண்டுக்கும் அது அருமை, ஆனா மரமும் ஓலையும் இருக்கற எடத்துல வேணாம், கூண்டோட சேந்து வீடும் போயிரும். காஞ்ச பிறகு இடுக்கு பூரா சுண்ணாம்பு அடிங்க, நீத்த சுண்ணாம்பு கெட்டியா, பிரஷ்ல குத்திக் குத்தி இடுக்குக்குள்ள போற மாதிரி. நம்ம பெரியவங்க பொங்கலுக்குப் பொங்கல் கோழிக்கூட்டுக்கும் வெள்ளை அடிச்சது அழகுக்கு மட்டும் இல்ல.

மருந்துன்னா கூண்டுக்கு டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை கால்நடை மருந்துக் கடையில கிடைக்கும். டாக்டர் எழுதிக் குடுத்த அளவு மட்டும். கோழிய வெளிய விட்டுட்டு காலையில அடிச்சு, நல்லாக் காஞ்ச பிறகு சாயங்காலம் உள்ள விடுங்க. தீவனத் தட்டு, தண்ணி, அடைமுட்டை எதுவும் உள்ள இருக்கக்கூடாது. மீன் தொட்டி, கெணறு பக்கம் வழிஞ்சு போகாம பாத்துக்குங்க, மீன் மொத்தமும் போயிரும். வீட்ல பூனை இருந்தா காயற வரைக்கும் கிட்ட விடாதீங்க. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மறுபடி ஒரு தடவை, அப்புறம் மறுபடி துணி தேய்ச்சுப் பாருங்க. ஒரே மருந்தையே வருஷக்கணக்குல அடிச்சா அதுக்குப் பழகிரும், உலகம் பூரா பண்ணைகள்ல இதே கதைதான்.

கொண்டை வெளுத்த கோழிக்கு முருங்கைக்கீரை, கருவாட்டுத் தூள், வைட்டமின் டானிக் குடுங்க. ரத்தம் போச்சுல்ல.

வேப்பங்கொட்டை

சார் மேல மரியாதை இருக்கு, ஆனா எடுத்தவுடனே மெத்ரின் பக்கம் போறது எனக்கு ஒப்பல. வேப்பெண்ணெய் சுண்ணாம்போட கலந்து அடிச்சாலே போதும்.

ரிட்டயர்டு எல்ஐ

எடுத்தவுடனே எங்கப்பா போனேன், ஓலை, மூங்கில், கொதிதண்ணி, சுண்ணாம்பு எல்லாம் தாண்டித்தான மருந்துக்கு வந்தேன். அதுலயே அடங்கிட்டா மருந்து வேணாம், எனக்கும் சந்தோஷம்தான். வேப்பெண்ணெய் அடிக்கறவங்க ஒண்ணு கவனிங்க, சும்மா தண்ணியில ஊத்துனா மேல மிதக்கும், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்தாத்தான் கலக்கும். அடையில இருக்கற கோழி வயித்துல எண்ணெய் தடவாதீங்க, முட்டை ஓட்டுல பட்டா மூச்சு அடைச்சுக் குஞ்சு உள்ளயே செத்துரும்.

வயக்காட்டான்

சரி பருத்தி மருந்த விடுங்க. நாய்க்கு உண்ணிக்கு அடிக்கற ஸ்ப்ரே எங்க வீட்ல இருக்கு. அது செல்லப்பிராணிக்குத்தான, ஆபத்து இருக்காதுல்ல? லேபிள்ல ஃபிப்ரோனில்னு இருக்கு.

பண்ணை365

ஐயயோ வேணாம் சார்!! 2017-ல நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் நடந்த கலாட்டாவே இந்த ஃபிப்ரோனில்தான். சிவப்பு மைட்டுக்கு கொட்டகைய சுத்தம் பண்றோம்னு வந்த ஆளுங்க இத கலந்து அடிச்சுட்டாங்க, அது முட்டையில வந்துருச்சு, மில்லியன் கணக்குல முட்டைய கடையில இருந்து திருப்பி எடுத்து அழிச்சாங்க, பண்ணை பண்ணையா மூடுனாங்க. முட்டை கறி திங்கற உயிருக்கு அந்த மருந்து அங்க அனுமதியே கிடையாது. நாய்க்கு ஆகும், ஏன்னா நாய் முட்டையை யாரும் திங்கறதில்ல 😀

ரிட்டயர்டு எல்ஐ

சரியாச் சொன்னீங்க. அதே வருஷம்தான் ஐரோப்பாவுல ஃப்ளூரலானர்னு ஒண்ண கோழிக்குக் குடிதண்ணியில குடுக்க அனுமதிச்சாங்க, ஏழு நாள் இடைவெளியில ரெண்டு தடவை. பெரிய பண்ணைக்குத்தான் அது கணக்கு. நாய்க்குக் குடுக்கற உண்ணி மாத்திரையிலயும் அதே மருந்து வருதேன்னு அந்த மாத்திரைய ஒடச்சு கோழிக்குப் போடற வேலைய யாரும் பண்ண வேணாம், அளவு தெரியாது. ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான், கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: முட்டையில நாள் கணக்குல வரும், இறகு திங்கற பேனுக்கு ஒழுங்கா வேலையும் செய்யாது.

பண்ணை365

நான் சொல்ல வந்ததே வேற. கந்தகத் தூள் பத்தி யாரும் பேசலையே. மெளகாய்க்கும் திராட்சைக்கும் சாம்பல் நோய்க்குத் தூவுறமே அதான், உரக்கடையில கிடைக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் ரிவர்சைடுல கோழி மேல இருக்கற மைட்டுக்கும் பேனுக்கும் புழுதிப் பெட்டி வச்சுப் பாத்துருக்காங்க. ஒரு பெட்டியில டயடோமேசியஸ் எர்த்ங்கற படிவப் பாசி மண்ணுத் தூள், ஒண்ணுல கயோலின் களிமண்ணு, ஒண்ணுல கந்தகம். மூணுமே கொறச்சுது, ஆனா முதல் ரெண்டும் புழுதி குளிச்ச கோழிக்கு மட்டும்தான் வேலை செஞ்சுது. கந்தகப் பெட்டி வச்ச எடத்துல அதுல குளிக்காத கோழிக்கும் சேத்து சுத்தமாயிருச்சு. பெறகு அவங்களே பையில கந்தகத் தூளைக் கட்டித் தொங்கவிட்டும் பாத்தாங்க, கோழி ஒரசிட்டுப் போகும்போது தூள் கொட்டும், அதுவும் நல்லா வேலை செஞ்சுது. நானும் இப்ப அதான் பண்றேன். ஆன்லைன்ல டயடோமேசியஸ் எர்த் விக்கற வெலைக்குக் கந்தகம் எவ்ளோ மேல்.

மொட்டமாடி சுந்தரி

ஆனா சாம்பல் போதாதா? நான் ஒரு பழைய டப்புல செம்மண்ணும் அடுப்புச் சாம்பலும் போட்டு வச்சிருக்கேன், நாலும் சேந்து வெயில்ல அதுல பொரண்டு எந்திரிச்சு ஒதறுனா மாடி பூரா தூசி. மாடில மண்ணே இல்லாததால இது இல்லனா அதுங்களுக்குக் குளிக்க வேற வழி இல்ல.

ரிட்டயர்டு எல்ஐ

அது ரொம்ப நல்ல வேலைம்மா. வெறகுச் சாம்பலா இருக்கட்டும், பிளாஸ்டிக் எரிச்ச சாம்பல் வேணாம். மழையில நனைஞ்சா சாம்பல் காரமாயிரும், தோல் எரியும், மேல ஒரு மறைப்பு வேணும். மழைக்காலத்துலதான் நிறைய பேருக்கு பேன் ஏறும், காரணம் வேற ஒண்ணும் இல்ல, தோட்டம் பூரா சேறு, கோழிக்குப் புழுதி குளிக்க காஞ்ச மண்ணு இல்ல. திண்ணைக்கு அடியிலயோ கூரைக்கு அடியிலயோ ஒரு காஞ்ச குழி இருந்தாப் போதும். சாம்பல் தடுக்கும், கொறைக்கும். ஏறி நெறஞ்ச பேனை சாம்பல் மட்டும் ஒழிக்காது.

பண்ணைக்காரர் சொன்ன கந்தகம் எனக்கும் சம்மதம். போடும்போது மூக்குல துணி கட்டிக்குங்க, கோழி கண்ணுல படாம பாருங்க, நெருப்புப் பக்கம் வைக்காதீங்க. ஆனா கோபி தம்பி, கந்தகம் கோழி மேல இருக்கற பூச்சிக்கு. கூண்டுல இருக்கற உங்க ஆளுக்கு மேல சொன்ன வேலைய செஞ்சுதான் ஆகணும்.

பண்ணை365

இன்னொண்ணு சார், நாட்டுக்கோழிப் பண்ணைல கொத்திக்குதுன்னு மூக்கு வெட்டறோம்ல, அப்படி வெட்டுன கோழியில பேனும் மைட்டும் அதிகமா ஏறுது. அலகு நுனி இருந்தாத்தான் அது கோதிக் கோதி எடுக்கும். இதையும் ஆராய்ச்சி பண்ணிப் பாத்துருக்காங்க. வீட்ல பத்து கோழி வச்சிருக்கறவங்க யாரோ சொன்னாங்கன்னு மூக்க வெட்டிறாதீங்க, அது கூடவே பொறந்த பேன் சீப்பு.

அடைக்கோழி அக்கா

கோபி தம்பி, அடை எந்திரிச்சுதுன்னீங்கல்லா, அதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. நான் திருநெல்வேலி பக்கம், வருசம் பூரா அடை வைக்குத ஆளு. அடையில உக்காந்த கோழி நாள் முச்சூடும் எந்திரிக்காது, புழுதியும் குளிக்காது, அதான் பேனுக்குக் கொண்டாட்டம். இருபத்தோரு நாளும் அது கடியத் தாங்கிக்கிட்டு உக்காரணும், தாங்காம எந்திரிச்சா அது குத்தம் இல்ல. குஞ்சு பொரிஞ்சாலும் அம்மா மேல இருந்து குஞ்சுக்கு ஏறும், சின்னக் குஞ்சுக்குத் தலையில ஏறுனா ரெண்டு மூணு நாள்ல தலையத் தொங்கப் போட்டுரும்.

நான் என்ன பண்ணுவேன்னா, அடை வைக்க முன்னாடி நாளே பெட்டையப் புடிச்சு இறக்கைக்கு அடியில, பின்பக்கம் எல்லாம் பிரிச்சுப் பாத்து வசம்புத் தூளும் சாம்பலும் கலந்து தேய்ச்சு விடுவேன். பழைய கூடையத் திரும்ப எடுக்க மாட்டேன், எடுத்தாலும் வெந்நீர்ல முக்கி வெயில்ல காயப்போட்டுத்தான். கூடையில வைக்கோல் போட மாட்டேன், வைக்கோலுக்குள்ள எல்லாம் போயி அடையும், காஞ்ச ஆத்து மணல்தான், அது மேல கொஞ்சம் காஞ்ச வேப்பிலை. எங்க அம்மா மெளகா வத்தலும் கரித்துண்டும் ஆணியும் வைப்பா இடிக்குன்னு, நானும் வைக்கேன், அது பேனுக்கு இல்ல, மனசுக்கு. தெனம் ஒருக்கா தீனிக்கு எறக்கும்போது பக்கத்துலயே புழுதி கெடந்தா அதுவே குளிச்சுட்டு ஏறிக்கிடும்.

சீத்தாப்பழக் கொட்டைய அரைச்சுத் தேய்க்குறவுக இருக்காக, பேன் சாகும் சரிதான், ஆனா கண்ணுல பட்டா பார்வையே போயிரும், கோழிக்கும் சரி தேய்க்குற ஆளுக்கும் சரி. வேண்டாம்.

சேவக்கட்டு

அக்கா சொன்னது சரி. நான் இன்னொண்ணு கேக்கணும். என் கிளிமூக்கு சேவல் ஒண்ணுக்கு கால் செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு சுண்ணாம்பு பூசுன மாதிரி தடிச்சுப் போயிருக்கு. மண்ணெண்ணெயில காலை முக்கச் சொல்றாங்க. முக்கலாமாண்ணே?

ரிட்டயர்டு எல்ஐ

மண்ணெண்ணெய் வேணாம், தோல் வெந்துரும். அது கால் செதிலுக்கு அடியில பொந்து போட்டு வாழ்ற வேற ஒரு மைட். சோப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில காலைக் கொஞ்ச நேரம் ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவாத் தேய்ச்சு, தானா வர்ற செதிலை மட்டும் எடுங்க, பிச்சு எடுக்காதீங்க, ரத்தம் வரும். தொடச்சுட்டு வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயோ வாசலினோ செதில் இடுக்கு அடைக்கற மாதிரி பூசுங்க, பூச்சி மூச்சு முட்டிச் சாகும். வாரம் ரெண்டு மூணு தடவை, ஒரு மாசத்துக்கு மேல விடாம செய்யணும். கால் பழைய மாதிரி ஆக செதில் உதுந்து புதுசு வரணும், அதுக்கு நாளாகும், அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் அந்த சேவலை மத்ததோட ஒரே கட்டையில ஏத்தாதீங்க. வெளி ஆளுக்கு அணைக்கக் குடுத்து வாங்குற சேவலா இருந்தா அது வழியாத்தான் வந்திருக்கும்.

புதுக்கோழி

நான் இப்பதான் சேந்தேன். சந்தையில வாங்குன கோழிக்கு கண்ணச் சுத்தி, கொண்டையில, தாடியில கருப்பா எள்ளு ஒட்டுன மாதிரி கூட்டமா இருக்கு, கிள்ளுனா வரல. அம்மையா?

ரிட்டயர்டு எல்ஐ

அம்மைன்னா கொப்பளமா, பொருக்கா இருக்கும். எள்ளு மாதிரி வழவழன்னு ஒட்டியிருந்தா அது தெள்ளுப்பூச்சி, தலைய உள்ள சொருகிட்டு அசையாம இருக்கும். கண்ணுக்குள்ள போகாம தேங்காயெண்ணெயோ வாசலினோ கெட்டியாப் பூசுங்க, அடுத்த நாள் கொறடுல மெதுவா எடுக்க வரும். ஆனா அதோட முட்டையும் புழுவும் கோழி மேல இல்ல, கீழ மண்ணுல. கோழி படுக்கற எடத்து மேல்மண்ணைச் சொரண்டி எடுத்து அப்புறப்படுத்திட்டு, அந்த எடத்தைக் காய விட்டு சுண்ணாம்பு போடுங்க. வீட்டு நாய், பூனை காதுலயும் பாருங்க, அங்கயும் ஏறும். சந்தைக் கோழிய எப்பவும் ரெண்டு மூணு வாரம் தனியா வச்சு, ரெண்டு தடவையாவது இறகு பிரிச்சுப் பாத்த பிறகுதான் சேக்கணும்.

கொல்லைப்புறக்கோழி

சார், ஓலையப் பிரிச்சு எரிச்சாச்சு, மூங்கில் அடுப்புக்குப் போச்சு, சுண்ணாம்பும் அடிச்சாச்சு. சட்டத்து ஆணி இடுக்குல மட்டும் இன்னும் கொஞ்சம் துணியில சிவப்பு இழுக்குது. டாக்டர்கிட்ட மருந்து எழுதி வாங்கி வச்சிருக்கேன், நாளைக்குக் காலையில அடிக்கப் போறேன். வீட்டம்மா அரிப்பு கொறஞ்சிருக்குங்கறா. இப்ப பண்ணை365 அண்ணன்கிட்ட ஒரு கேள்வி, அந்த கந்தகப் பைய எப்படிங்க கட்டறது? எங்கூட்ல தீவன மூட்டை வந்த பிளாஸ்டிக் சாக்குதான் இருக்கு, அதுல போட்டாப் போதுமா? குஞ்சு இருக்கற கூண்டுலயும் கட்டலாமா?

பண்ணை365

பிளாஸ்டிக் சாக்குல தூள் வெளிய வராதுங்க, சணல் சாக்கு வேணும், நெருக்கமா இல்லாம கொஞ்சம் லூசா நெய்ஞ்சது. ஒரு பக்கம் தைச்சு ரெண்டு மூணு கிலோ போட்டு, கூண்டு வாசல்ல கோழி முதுகுல ஒரசற ஒயரத்துக்குத் தொங்க விடுங்க, கட்டுன அன்னைக்கு ஒரு தடவை குச்சியால தட்டி விடுங்க. மழைச் சாரல் பட்டா கட்டியாயிரும், அப்புறம் ஒண்ணும் கொட்டாது. குஞ்சு கூண்டுல வேணாம், தூசி மூக்குல ஏறும், அதுங்களுக்கு கீழ விரிக்கற பேப்பரை தெனம் மாத்துனாலே போதும்.